முதலாட்டமும் வழியாட்டமும்: வீடியோ விளையாட்டுகளில் பழைய களத்தின் மறுவரவு

0. முன்னுரை

வீடியோ விளையாட்டு ஒன்று வெற்றி பெற்றபின் அதன் தொடர்ச்சியாக மற்றொன்று வெளிவருவது நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலவும் வழக்கம். அத்தொடர்ச்சி, முன்னைய ஆட்டம் நிகழ்ந்த அதே நிலத்தில் நிகழலாமா, அன்றிப் புதிய நிலம் ஒன்றைப் படைத்தல் வேண்டுமா என்னும் வினா மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகிறது. பழைய நிலத்தை மறுபடியும் தருவது உழைப்பைச் சுருக்கிக்கொண்டு விலையைச் சுருக்காமல் விற்பதாகும் என்பது ஒரு சாரார் கருத்து. பழகிய நிலத்தில் மீண்டும் நடப்பதே தனி இன்பம் என்பது மற்றொரு சாரார் கருத்து. இவ்விரு சாராரும் களத்தை ஒரு முறை செய்து வைத்த பண்டமாகவே கொள்கின்றனர். ஒருவர் அதனைப் பழம்பண்டம் என்கிறார். மற்றவர் அருமையான பண்டம் என்கிறார்.

களம் என்பது திரையில் தோன்றும் படம் மட்டுமன்று; ஆடுநர் உள்ளத்தில் படிந்துள்ள அறிவும் ஆகும் எனக் கொண்டால் இவ்வினா வேறு வடிவம் பெறுகிறது. 1985 முதல் 2023 வரை வெளிவந்த சில ஆட்டங்களை அந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழ் இலக்கண மரபு இதற்கு ஒத்த ஒரு சிக்கலை நூல்களைப் பொறுத்து நெடுங்காலத்திற்கு முன்பே எதிர்கொண்டது. நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பகுக்கிறது. வழிநூல் முதனூலின் முடிபோடு ஒத்துச் செல்லுதல் வேண்டும். பின்வந்த ஆசிரியன் விரும்பும் வேறுபாட்டையும் கொண்டிருத்தல் வேண்டும். அதே நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாகக் 'கூறியது கூறல்' என்பதையும் குறிப்பிடுகிறது. முன்னோர் சொன்னதையே தழுவிச் செல்லும் வழிநூல் கூறியது கூறல் என்னும் குற்றத்திற்கு ஆளாவதில்லை. எனவே, தழுவுதல் வேறு, திரும்பச் சொல்லுதல் வேறு என்பது அம்மரபின் தெளிவு. இக்கலைச்சொற்களை ஒட்டி, முதலில் வந்த ஆட்டம் முதலாட்டம் எனவும், அதன் தொடர்ச்சி வழியாட்டம் எனவும் இங்கு வழங்கப்படுகின்றன. வழியாட்டம் எப்பொழுது கூறியது கூறலாகிறது என்பதே இக்கட்டுரையின் மையவினா.

1. களத்தின் மூன்று கூறுகள்

ஆட்டக்களம் ஒன்றில் மூன்று கூறுகளைப் பிரித்துக் காணலாம். முதலாவது நிலவமைப்பு: மலை எங்கு உள்ளது, ஆறு எவ்வழி செல்கிறது, எந்தப் பாதை எங்கு முட்டி நிற்கிறது என்பன. இரண்டாவது பெயர்: ஊர், ஆள், இனம், பொருள் ஆகியவற்றின் பெயர்த்தொகுதி. மூன்றாவது உறவு: யார் யாரை ஆள்கிறார், எது எதற்குத் திறவுகோல், எவ்விடம் அச்சத்திற்குரியது, எவ்விடம் ஓய்வுக்குரியது என்பன.

ஒரு மொழியைப் பேசுவோர் அதன் இலக்கணத்தைப் பட்டியலிட்டுச் சொல்ல இயலாதவராயினும் பிழையின்றிப் பேசுவர். அதுபோல, ஓர் ஆட்டத்தில் நூறு மணி நேரம் உலவியவர் அந்நிலத்தை வரைந்து காட்ட இயலாதவராயினும் வழி தவறுவதில்லை. அவ்வறிவு நடந்து பெற்ற அறிவு. பழைய களத்தில் வழியாட்டம் அமைப்பவர் படங்களை மட்டும் மறுபடி பயன்படுத்துவதில்லை. இந்த அறிவையும் பயன்படுத்துகிறார். மேற்கூறிய மூன்று கூறுகளுள் எவை நிறுத்தப்படுகின்றன, எவை மாற்றப்படுகின்றன என்பதைக் கொண்டே வழியாட்டங்களை வகைப்படுத்த இயலும்.

2. பிரிட்டானியா: நிலம் நிற்க உறவு மாறுதல்

ரிச்சர்ட் கேரியட் படைத்த அல்டிமா வரிசை இவ்வகைக்கு மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று. 1985இல் வெளிவந்த நான்காம் அல்டிமாவில் பிரிட்டானியா என்னும் நாடு முழு உருப்பெறுகிறது. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, ஈகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டு அறங்களுக்கு எட்டு ஊர்கள் உரியனவாக அமைக்கப்பட்டன. பகைவன் ஒருவனைக் கொல்லுதல் இவ்வாட்டத்தின் முடிவன்று. எட்டு அறங்களிலும் தேர்ந்து சான்றோனாதலே முடிவு.

1988இல் வெளிவந்த ஐந்தாம் அல்டிமா அதே நாட்டை, சிறு மாற்றங்களே கொண்ட அதே நிலப்படத்தை மீண்டும் தந்தது. ஊர்கள் அவ்விடங்களிலேயே இருந்தன, பெயர்களும் மாறவில்லை. மாறியது ஆட்சி. மன்னன் பாதாளத்தில் காணாமற் போக, பிளாக்தார்ன் என்பவன் அவனிடத்தில் இருந்து ஆள்கிறான். முன்னைய ஆட்டத்தில் ஒருவர் தாமே முயன்று அடைந்த அறங்கள் இப்பொழுது தண்டனையோடு கூடிய சட்டங்களாகிவிட்டன. வருவாயில் பாதியை அறத்திற்கு வழங்குதல் ஈகை என்பது போய்க் கட்டாயம் என்றாயிற்று. முதலாட்டத்தை ஆடியவர் மட்டுமே இம்மாற்றத்தின் கொடுமையை முழுமையாக உணர்வார். ஏனெனில் அவ்வறங்களை முன்பு விரும்பிக் கற்றவர் அவரே. புதிய நாடு ஒன்றில் இதே கதை கூறப்பட்டிருந்தால் அது கொடுங்கோலன் ஒருவனைப் பற்றிய மற்றுமொரு கதையாக மட்டுமே நின்றிருக்கும்.

மேலும் ஐந்தாம் அல்டிமா நிலத்தின் அடியில் மற்றொரு நிலத்தையும் சேர்த்தது. குகைகளின் வழியே சென்றடையும் பாதாள உலகு மேலுள்ள நாட்டிற்கு நிகரான பரப்புடையது. பழைய நிலத்தை நிறுத்திக்கொண்டு அதன்கீழ் இன்னொன்றை விரிக்கும் இம்முறை முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் வேறொரு வரிசையில் பெரிய அளவில் மீண்டும் தோன்றுவதைப் பின்னர்க் காணலாம்.

1990இல் வெளிவந்த ஆறாம் அல்டிமா இன்னும் ஒரு படி மேற்செல்கிறது. கார்காயில் எனப்படும் இனத்தார் பிரிட்டானியாவைத் தாக்குகின்றனர். தொடக்கத்தில் அரக்கராகத் தோன்றும் அவர்களுக்குத் தனி மொழியும் தனி எழுத்தும் வகுக்கப்பட்டிருந்தன. ஆட்டம் செல்லச் செல்ல, முன்னைய ஆட்டங்களில் பெருஞ்சாதனையாகப் போற்றப்பட்ட செயலே அவர்களின் உலகம் சிதையக் காரணமாயிற்று என்பதும், அவர்களின் முன்னறிவிப்பில் வரும் பொய்த்தூதன் ஆட்டத் தலைவனே என்பதும் வெளிப்படுகின்றன. போர் வெற்றியால் அன்றி உடன்பாட்டால் முடிகிறது. இங்கு நிலமும் பெயரும் மாறாமல் நிற்க, ஆடுநர் தம் பழைய செயலுக்குக் கொண்டிருந்த பொருள் மாறுகிறது. பழைய களம் இல்லையெனில் இப்பொருள்மாற்றம் நிகழ இடமே இல்லை.

3. ஹைரூல்: பெயர் நிற்க நிலம் மாறுதல்

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1986 பெப்ருவரியில் வெளியிட்ட 'செல்டா' ஆட்டம் ஹைரூல் என்னும் நாட்டை அறிமுகப்படுத்தியது. மியாமோத்தோ சிகேரு, தேசுகா தகாஷி ஆகியோர் அதனை உருவாக்கியோருள் முதன்மையானவர். அடுத்த ஆண்டே, 1987 ஜனவரியில், இரண்டாம் செல்டா வெளிவந்தது. இதில் ஹைரூலின் பரப்பு பெரிது; முன்னைய ஆட்டத்தின் நாடு இதன் தென்பகுதியில் சுருங்கிய ஒரு துண்டாகக் காட்டப்படுகிறது. முதலாட்டம் முழுவதும் நடந்து அறிந்த நிலம் வழியாட்டத்தில் ஒரு மூலையாகிவிடுவது தொகுத்தல் என்னும் முறைக்கு ஒப்பாகும்.

இவ்வரிசையின் பெரும்பாலான ஆட்டங்களில் ஹைரூலின் நிலவமைப்பு புதிதாகவே வரையப்பட்டது. நிலைத்து நின்றவை பெயர்கள். இதில் பெயராய்வுக்குரிய செய்தி ஒன்று உண்டு. இரண்டாம் செல்டாவில் ராவுரு, ரூத்தோ, சாரியா, மிடோ, நபூரு, டாருனியா என்பன ஊர்ப்பெயர்கள். 1998 நவம்பரில் வெளிவந்த 'ஒக்கரினா ஆஃப் டைம்' என்னும் ஆட்டத்தில் இவை ஆறும் ஆட்பெயர்களாக வருகின்றன. ஐவர் முனிவர் நிலை பெறுவோர், ஒருவன் வனச்சிறுவர் தலைவன். கதையின் காலவரிசைப்படி 1998 ஆட்டம் மிக முந்தியது. 1987 ஆட்டம் மிகப் பிந்தியது. எனவே கதையுலகில் முனிவர் பெயரால் ஊர்கள் பெயர் பெற்றன என்று ஆகிறது. படைப்பு வரலாற்றிலோ ஊர்ப்பெயரிலிருந்தே ஆட்பெயர் பிறந்தது. ஒரு பெயரின் தோற்றம் பற்றிக் கதை கூறும் விளக்கமும் வரலாறு கூறும் விளக்கமும் எதிர் எதிர்த் திசையில் செல்வதற்கு இது நல்ல சான்று. தலபுராணங்கள் ஊர்ப்பெயருக்குக் காரணம் கூறும்போதும் இத்தகைய பின்னோக்கிய ஆக்கம் நிகழ்வதுண்டு.

2017இல் வெளிவந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' இப்பெயர்களை மீண்டும் திரித்து எடுத்துக்கொண்டது. அதில் வரும் நான்கு தெய்வ விலங்குப் பொறிகளின் பெயர்களான ரூத்தா, ருடானியா, நபோரிஸ், மெதோ ஆகியவற்றுள் முதல் மூன்று முறையே ரூத்தோ, டாருனியா, நபூரு என்னும் பெயர்களின் திரிபுகள். ஆக, முப்பது ஆண்டுகளில் ஒரே பெயர்வேர் ஊரிலிருந்து ஆளுக்கும், ஆளிலிருந்து பொறிக்கும் சென்றுள்ளது. நிலவமைப்பு முற்றிலும் மாறிய போதும் ஆடுநர் இதனை ஹைரூல் என்றே ஏற்றுக்கொண்டனர். களத்தின் அடையாளம் நிலத்தைவிடப் பெயர்த்தொகுதியிலேயே மிகுதியும் தங்கியிருக்கக் கூடும் என்பது இதனால் பெறப்படுகிறது.

4. டெர்மினா: முகம் நிற்கப் பொருள் மாறுதல்

'ஒக்கரினா' வெளிவந்து பதினேழு மாதங்களில், 2000 ஏப்ரலில், 'மஜோராஸ் மாஸ்க்' வெளிவந்தது. முன்னைய ஆட்டத்தின் பாதாளக் கோட்டங்களை மாற்றியமைத்து ஒரு மறுபதிப்பு வெளியிடுவதே முதற்றிட்டம். அப்பணியில் ஆர்வம் கொள்ளாத அவோனுமா எய்ஜியிடம், ஓராண்டில் புதிய ஆட்டம் ஒன்றை உருவாக்க இயலுமா என மியாமோத்தோ வினவினார். கொயிசுமி யோஷியாகி தம்மிடமிருந்த, குறுகிய கால எல்லைக்குள் நிகழும் ஆட்டம் ஒன்றன் கருத்தை இதில் சேர்த்தார். மூன்று நாள்களில் நிலவு வீழ்ந்து உலகு அழியும். ஆடுநர் காலத்தை முதல் நாளுக்குத் திருப்பி மீண்டும் மீண்டும் அந்நாள்களை வாழ்ந்து உலகைக் காத்தல் வேண்டும் என்பது ஆட்டத்தின் அமைப்பாயிற்று.

காலம் குறுகியதாதலால் 'ஒக்கரினா'வின் மாந்தர் உருவங்கள் அப்படியே எடுத்தாளப்பட்டன. ஆனால் களம் ஹைரூல் அன்று; டெர்மினா என்னும் வேறுலகு. அங்கு அறிந்த முகங்கள் அறியாத பெயர்களோடும் வேறு தொழில்களோடும் உலவுகின்றன. 'ஒக்கரினா'வில் மாலோன் என்னும் பண்ணைப் பெண் சிறுமியாகவும் வளர்ந்தவளாகவும் இரு பருவங்களில் காணப்பட்டாள். டெர்மினாவில் அவ்விரு உருவங்களும் ரோமானி, கிரிமியா என்னும் தங்கையும் அக்காளுமாக ஒரே காலத்தில் வாழ்கின்றன. முன்பு பகைவராக எதிர்நின்ற கொடிய சூனியக் கிழவியர் இருவரும் இங்கு மருந்துக்கடையும் படகுப்பயணமும் நடத்தும் எளிய மனிதர்கள்.

இது சொல்லியலில் பலபொருள் ஒருசொல் எனப்படுவதற்கு ஒப்பானது. வடிவம் ஒன்றே, பொருள் வேறு. கேட்போர் பழைய பொருளை நினைத்து, அது பொருந்தாமை கண்டு, புதிய பொருளுக்கு வருகிறார். இவ்விடைவெளியில் எழும் கலக்கம் கனவின் தன்மையுடையது. உலகழிவைப் பற்றிய இவ்வாட்டத்திற்கு அக்கலக்கமே பொருத்தமான சுவையாயிற்று. சிக்கனத்தின் பொருட்டுச் செய்யப்பட்ட மறுபயன்பாடு பொருளின் பகுதியாக மாறியது என்பது கருதத்தக்கது. மறுபயன்பாடு சோம்பலின் விளைவு என்னும் பொதுக்கருத்துக்கு இவ்வாட்டம் வலுவான எதிர்ச்சான்றாகும்.

5. நிலப்படமே மீளுதல்: 1991, 2013

1991 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த மூன்றாம் செல்டா, ஒரே நிலப்படத்தை ஒளியுலகு, இருளுலகு என இரண்டாகத் தந்தது. ஓர் உலகில் தடைப்பட்ட இடத்தை மற்றோர் உலகின் வழியே சென்றடைதல் அதன் புதிர்களின் அடிப்படை. அதாவது, களத்தை மறுமுறை பயன்படுத்துதல் என்னும் நுட்பம் முதலாட்டத்தின் உள்ளேயே இருந்தது.

2013இல் நிண்டெண்டோ 3டிஎஸ் கருவிக்கு வெளிவந்த ஆட்டம் அந்நிலப்படத்தையே மீண்டும் எடுத்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் அதன் பெயர் 1991 ஆட்டத்தின் பெயரோடு '2' என்னும் எண்ணைச் சேர்த்ததாகும். வழியாட்டம் என்பது தலைப்பிலேயே வெளிப்படையாகக் கூறப்பட்டது. இருளுலகின் இடத்தில் லோரூல் என்னும் எதிர்நாடு வந்தது. நிலம் மாறாதபோது புதுமை எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. ஆட்டத் தலைவன் சுவரில் ஓவியமாகப் படிந்து பக்கவாட்டில் நகரும் ஆற்றலைப் பெறுகிறான். அதனால் முன்பு எல்லையாக நின்ற சுவர் இப்பொழுது பாதையாகிறது. மேலும் கருவிகளை ஒரு கடையில் வாடகைக்குப் பெறலாமாதலால் பெரும்பாலான கோட்டங்களை விரும்பிய வரிசையில் அடையலாம். வரிசையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமை, நிலத்தை முன்பே அறிந்தவர்க்கு உண்மையான உரிமை. அறியாதவர்க்கு அது குழப்பமாகவும் ஆகலாம். எனவே பழைய களமும் புதிய விதியும் இங்கு ஒன்றற்கொன்று துணையாகின்றன.

மூன்றாம் கூறாகிய உறவை மட்டும் மாற்றி முதலிரண்டையும் பெரும்பாலும் நிறுத்தும் இம்முறையில், மாற்றம் சிறிதாயினும் அது நிலம் முழுவதையும் தொட வேண்டும். ஒவ்வொரு சுவரும் வழியாகக் கூடும் என்றானபின், அறிந்த மூலை ஒவ்வொன்றையும் மறுபடி நோக்க வேண்டியதாகிறது.

6. காலத்தைச் சேர்த்தல்: காண்டோ, காமுரோச்சோ

பழைய களத்தைப் புதுக்கும் மற்றொரு முறை அதன்மேல் காலத்தை ஓடவிடுதல். 1999 நவம்பரில் ஜப்பானில் வெளிவந்த 'போக்கிமான்' இரண்டாம் தலைமுறை ஆட்டங்கள் ஜோட்டோ என்னும் புதிய வட்டாரத்தில் தொடங்கி, அது முடிந்தபின் முதலாட்டத்தின் காண்டோ வட்டாரத்தையும் திறந்துவிட்டன. அங்கு மூன்றாண்டுகள் கழிந்துள்ளன. முன்பிருந்த தீவூர் ஒன்று எரிமலை வெடிப்பில் அழிந்துள்ளது. அதன் தலைவர் வேறிடத்தில் ஒதுங்கியுள்ளார். இறுதியில் மலையுச்சியில் எதிர்நிற்பவன் முதலாட்டத்தில் ஆடுநர் தாமே இயக்கிய சிறுவன். ஆடுநர் தம் பழைய நிலையையே எதிராளியாகச் சந்திக்கிறார். சுருங்கிய வடிவிலேயே தரப்பட்ட காண்டோ, இந்த ஒரு சந்திப்பால் தன் இருப்பை நியாயப்படுத்திக்கொள்கிறது.

சேகா நிறுவனம் 2005 டிசம்பரில் தொடங்கிய 'யாகுசா' வரிசை இதனை நீண்ட காலம் கையாண்டது. தோக்கியோவின் கபுகிச்சோ பகுதியை மாதிரியாகக் கொண்ட காமுரோச்சோ என்னும் சிறு நகர்ப்பகுதி அதன் களம். சில தெருக்களே கொண்ட இவ்விடம் ஆட்டந்தோறும் மீண்டும் வந்தது. கடைகள் மாறின, கட்டடங்கள் எழுந்தன, மாந்தர் மூத்தனர். 2015இல் வெளிவந்த 'யாகுசா 0' 1988ஆம் ஆண்டிற்குப் பின்னோக்கிச் சென்றது. நிலவிலை வானளாவ ஏறிய அக்காலத்தில், வெற்றிடமான ஒரு துண்டு நிலத்தின் உரிமைக்காக நிகழும் போட்டியே அதன் கதை. முதலாட்டத்தில் நகரின் நடுவே ஓங்கி நின்ற கோபுரக் கட்டடம் பின்னாளில் அவ்விடத்தில் எழுந்ததாகும். பத்தாண்டுகளாகக் கண்டு பழகிய ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த குருதியை வழியாட்டம் பின்னர்க் காட்டுகிறது.

எனினும் இவ்வரிசையே 2020 ஜனவரியில் ஜப்பானில் வெளியிட்ட ஏழாம் ஆட்டத்தில் முதன்மைக் களத்தை யோகோஹாமாவிற்கு மாற்றியது. தலைமகனையும் ஆட்டமுறையையும் உடன் மாற்றியது. ஒரு தலைமகனின் வாழ்வு முடிவுக்கு வரும்போது அவனோடு வளர்ந்த களமும் பின்னணிக்குச் செல்வது பொருத்தமே. களத்தை விடவேண்டிய காலமும் உண்டு என்பதற்கு இது சான்று.

7. 2017, 2023: நிலத்தின் மேலும் கீழும்

இவ்வினா மிக விரிவாக விவாதிக்கப்படக் காரணமானது 2023 மே 12இல் வெளிவந்த 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' ஆகும். இது 2017 மார்ச்சில் வெளிவந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்' ஆட்டத்தின் நேர்த்தொடர்ச்சி. இரண்டிற்கும் நெறியாளர் புஜிபயாஷி ஹிதேமாரோ, தயாரிப்பாளர் அவோனுமா. முன்னைய ஆட்டத்திற்குக் கூடுதல் பகுதிகளாக எண்ணிய கருத்துகள் பெருகியதால் தனி ஆட்டமாக்க முடிவு செய்யப்பட்டது என்று அவோனுமா 2019இல் விளக்கினார்.

மேற்பரப்பின் நிலவமைப்பு பெரும்பாலும் அதுவே. அதன்மேல் வானத்தீவுகளும், அதன்கீழ் இருள் சூழ்ந்த ஆழுலகும் சேர்க்கப்பட்டன. ஆழுலகு மேலுள்ள நிலத்தின் தலைகீழ் வடிவம்: மேலே மலை நிற்கும் இடத்தில் கீழே பள்ளம்; மேலே நீர் உள்ள இடத்தில் கீழே கடக்கவியலாச் சுவர். மேலுள்ள கோயில்களுக்கு நேர்கீழே ஒளிவேர்கள் அமைந்துள்ளன. அவ்வொளிவேர்களின் பெயர்கள் மேலுள்ள கோயில்களின் பெயர்களைப் பின்னிருந்து முன்னாக எழுதியவை. மாலைமாற்றில் திருப்பிப் படித்தாலும் அதே சொல் மீளும். இங்கு திருப்பிய சொல் வேறு பெயராகிறது. பெயரைத் திருப்பியவர் இருளில் நடக்கும்போதே மேலுள்ள கோயில் எங்குள்ளது என்பதை அறிகிறார். கோயிலை அறிந்தவர் வேரின் இடத்தை அறிகிறார். முன்பு சுட்டிய மூன்று கூறுகளும் இங்கு ஒருங்கே தொழிற்படுகின்றன: நிலவமைப்பு தலைகீழாகிறது, பெயர் தலைகீழாகிறது, அவ்விரண்டிற்கும் உள்ள உறவு புதிய வழிகாட்டியாகிறது.

உறவு மற்றொரு வகையிலும் மாறியது. பொருள்களை ஒட்டி ஊர்தி செய்யவும், மேற்கூரையை ஊடுருவி ஏறவும் ஆட்டத் தலைவன் ஆற்றல் பெறுகிறான். முன்பு மெல்ல ஏறிக் கடந்த மலை இப்பொழுது அடியிலிருந்து உச்சிக்கு ஊடுருவிச் செல்லத்தக்க கூரை. முன்பு மகிழ்ச்சியான கடற்கரைச் சிற்றூராக இருந்த லுரெலின் கடற்கொள்ளையரால் பாழ்பட்டுக் கிடக்கிறது. அதை மீட்டு மறுபடி கட்ட ஆடுநர் உதவ வேண்டும். முன்பு அங்குத் தங்கியவர்க்கு அவ்வழிவு ஓர் இழப்பு.

குறைகளும் இல்லாமல் இல்லை. முன்னைய ஆட்டத்தில் நாடெங்கும் நின்ற பழம்பொறிகளும் கோயில்களும் போதிய விளக்கமின்றி மறைந்துவிட்டன. முன்பு நாயகனோடு பழகிய சிற்றூர் மக்களுள் சிலர் அவனை அறியாதவர் போலவே பேசுகின்றனர். இவை கூறியது கூறல் என்னும் குற்றமல்ல. நன்னூல் கூறும் மற்றொரு குற்றமாகிய 'மாறுகொளக் கூறல்' ஆகும். புதிய நிலத்தில் நிகழும் ஆட்டத்திற்கு இக்குற்றம் நேர வாய்ப்பில்லை. பழைய நிலத்திற்குத் திரும்புவோர் அந்நிலத்தின் நினைவுக்கும் பொறுப்பேற்க வேண்டியவராகின்றனர்.

8. உழைப்பும் விலையும்

மறுபயன்பாட்டை எதிர்ப்போரின் முதன்மையான வாதம் பொருளியல் சார்ந்தது. களம் மீண்டும் வந்தால் உழைப்புக் குறையும். விலையும் குறைய வேண்டும் என்பர். 'மஜோராஸ் மாஸ்க்' பதினேழு மாதங்களில் முடிந்தது உண்மையே. ஆனால் 2017 ஆட்டத்திற்கும் 2023 ஆட்டத்திற்கும் இடையே ஆறாண்டுகள் கழிந்தன. 2022இல் வரவேண்டியது மேலும் ஓராண்டு தள்ளிப்போயிற்று. அமெரிக்காவில் முன்னையதன் விலை 60 டாலர். பின்னையதன் விலை 70 டாலர். வெளிவந்த மூன்று நாள்களில் உலகெங்கும் ஒரு கோடிப் படிகள் விற்றதாக நிண்டெண்டோ அறிவித்தது. எனவே, பழைய களம் என்பதனால் உழைப்புக் குறைவு என்பது பொதுவிதியாகாது. நிலம் வரையும் உழைப்பு மிஞ்சியபோது அது நிலத்தின் விதிகளை ஆக்கும் உழைப்பாக மாற்றப்படலாம். மாற்றப்படாமல் வெறும் ஆதாயமாகவும் நிற்கலாம். வாங்குவோர் வினவத்தக்கது மிஞ்சிய உழைப்பு எங்குச் சென்றது என்பதையே.

மற்றொரு வாதம் புதிய ஆடுநரைப் பற்றியது. வழியாட்டத்தையே முதலில் எடுப்பவர்க்குப் பழைய களம் என ஒன்றில்லை, அனைத்தும் புதியவையே. அவர்க்கும் நிறைவு தரக்கூடியதாக வழியாட்டம் அமைதல் வேண்டும். இறந்துபட்ட தமிழ் நூல்கள் பல, பிற்கால உரைகளில் வரும் மேற்கோள்களால் மட்டுமே இன்று அறியப்படுகின்றன. விளையாட்டுகளுக்கு அத்தகைய இழப்பு நூற்றாண்டுகளில் அன்றி இருபது ஆண்டுகளிலேயே நேரக்கூடும். அவை தத்தம் கருவியோடு பிணைக்கப்பட்டவை. 3டிஎஸ் கருவிக்கான இணையக்கடையில் விற்பனை 2023 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை இங்குக் குறிப்பிடலாம். முதலாட்டத்தை இயக்கும் கருவி மறைந்தபின் அக்களத்தை அறிய வழியாட்டமே ஒருவருக்கு எஞ்சிய வாயிலாகலாம். களத்தின் மறுவரவு இவ்வகையில் பாதுகாப்புப் பணியாகவும் அமைகிறது.

9. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் பின்வருவன பெறப்படுகின்றன. பழைய களத்தை மீண்டும் தருதல் தன்னளவில் குணமும் அன்று, குற்றமும் அன்று. நிலவமைப்பு, பெயர், உறவு என்னும் மூன்றனுள் ஏதேனும் ஒன்றேனும் நிற்க, ஏதேனும் ஒன்றேனும் மாறுதல் வெற்றி பெற்ற வழியாட்டங்கள் அனைத்திற்கும் பொதுவானது. பிரிட்டானியாவில் உறவு மாறியது. ஹைரூலில் நிலம் மாறியது. டெர்மினாவில் முகம் நிற்கப் பெயரும் பொருளும் மாறின. மூன்றும் மாறாதவிடத்து ஆட்டம் கூறியது கூறலாகிறது. மாறியதற்கும் மாறாததற்கும் இடையே கணக்கு ஒப்புவிக்கப்படாதவிடத்து மாறுகொளக் கூறலாகிறது.

இதனினும் நுண்ணிய அளவுகோல் ஒன்றும் இதனால் கிடைக்கிறது. வழியாட்டத்தில் ஆடுநரின் முன்னறிவு பயன்படவும் வேண்டும். அதுவே போதாததாகவும் வேண்டும். முன்னறிவு பயன்படவில்லையெனில் பழைய களத்தை எடுத்ததற்குக் காரணமில்லை. புதிய களமே தகும். முன்னறிவு ஒன்றே போதுமெனில் புதிய ஆட்டத்திற்குத் தேவையில்லை; பழைய ஆட்டமே போதும். அறிந்த ஊருக்கு நெடுநாள் கழித்துத் திரும்புவோர் தெருக்களை மறவாதிருந்தும் வீட்டு வாயிலில் வேறு முகம் கண்டு வினவி அறிய நேர்வது போல்வது இந்நிலை. அவ்வினவலுக்கு இடமளிக்கும் வழியாட்டம் வழிநூலின் தகுதியைப் பெறும். 2023 செப்டம்பரில், அவ்வுலகில் செய்யத்தக்கவற்றைச் செய்து முடித்தமையால் கூடுதல் பகுதி வெளியிடப்போவதில்லை என அவோனுமா அறிவித்ததும் இதே அளவுகோலை ஒட்டியதே. நிலம் தீர்வதில்லை, அந்நிலத்தைப் பற்றி வினவத்தக்கவை தீர்ந்தபோதே அதனை விட்டுச் செல்லுதல் தகும்.